அஞ்சறைப் பெட்டியில் ஒரு விகிதக் கணக்கு

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'விகிதம் மற்றும் விகித சமம்' என்ற இயலை நடத்தாத ஆண்டே எனக்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நடப்பது ஒன்றுதான். 'இரண்டு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்' என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் 1:2 என்று சுருக்கிவிடுவார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால், "நம்மிடம் மணல் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. இப்போது சிமெண்ட் எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சுருக்கத் தெரிகிறது, பயன்படுத்தத் தெரியவில்லை.

எங்கள் பள்ளி விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கரிசல் கிராமத்து நடுநிலைப் பள்ளி. மழையை நம்பி மல்லியும் வத்தலும் விளையும் ஊர். வெயில் காலத்தில் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் பாயில் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு மணலும் சிமெண்டும் எதற்கு, மல்லியும் வத்தலும் இருக்கும்போது என்று ஒரு நாள் தோன்றியது. "உங்கள் வீட்டில் சாம்பார்ப் பொடி எப்படி அரைக்கிறார்கள்? என்னென்ன சாமான், எவ்வளவு அளவு? அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதி வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். நல்ல வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு. அந்த நிறைவு மறுநாள் காலை வரைதான் நீடித்தது.

எழுதாத நோட்டு

வகுப்பில் 24 பேர். 23 நோட்டுகள் வந்தன. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவனின் நோட்டில் தேதி மட்டும் இருந்தது.

"ஏன் எழுதவில்லை? வீட்டில் கேட்கவே இல்லையா?" என்றேன். குரலில் கண்டிப்பு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டே, "எங்க வீட்டுல அரைக்க மாட்டாங்க டீச்சர். அஞ்சு ரூவா பாக்கெட்டுதான்" என்றான். யாரோ சிரித்தார்கள். உடனே பாதி வகுப்பு சிரித்தது. நான் அதட்டி நிறுத்தினேன். ஆனால் அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. அன்று முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை.

இடைவேளையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். காலை ஏழு மணிக்கு முன்பே வேன் வந்துவிடும். வார முடிவில் கூலி வரும். அரைக்கிலோ மல்லி, கால் கிலோ வத்தல், பருப்பு என்று ஒரே நாளில் மொத்தமாக வாங்கக் கையில் பணம் இருக்காது. வெயிலில் காயப்போட்டுக் காவல் இருக்க வீட்டில் ஆளும் இல்லை. அந்த வீட்டுக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் சோம்பேறித்தனம் அல்ல. கையில் இருக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துகிற அளவு அதுதான்.

அதன்பின் மற்ற 23 நோட்டுகளையும் மறுபடி பார்த்தேன். நான்கு நோட்டுகளில் ஒரே பட்டியல், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. அவர்கள் வீட்டிலும் பாக்கெட்தான். டீச்சர் கேட்கிறார் என்பதற்காகப் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆக, உண்மையைச் சொன்ன ஒரு பிள்ளையைத்தான் நான் நிற்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேற்று நான் கேட்ட கேள்வியே தவறு. எல்லா வீட்டிலும் பொடி அரைப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அரைக்கிற வீடும் உண்டு, வாங்குகிற வீடும் உண்டு. இந்தப் பாடத்துக்கு இரண்டு வீட்டு விவரமும் வேண்டும்" என்றேன். அந்த மாணவனிடம், "உங்கள் வீட்டு பாக்கெட்டைக் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டேன்.

பாக்கெட் சொன்ன பாடம்

காலி பாக்கெட்டோடு ஒரு துண்டுத்தாளும் கொண்டுவந்தான். சின்ன பாக்கெட்டில் எடையும் விலையும் தேதியும்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லை. மிகச் சிறிய பாக்கெட்டுகளில் எல்லா விவரங்களையும் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவன் கடைக்காரரிடம் கேட்டு, அதே பொடியின் பெரிய பாக்கெட்டை வாங்கிப் பார்த்து, பின்புறம் இருந்த பட்டியலை வரிசை மாறாமல் எழுதி வந்திருந்தான். முதலில் மல்லி, அடுத்து மிளகாய், பிறகு பருப்புகள், பிறகு சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று போனது பட்டியல்.

நம் நாட்டு உணவு விதிப்படி, உறையில் பொருட்களின் பட்டியலை அளவின் இறங்கு வரிசையில்தான் எழுத வேண்டும். எது அதிகமோ அது முதலில் வரும். இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏனென்றால், வீட்டுப் பட்டியல்களை வைத்து அதுவரை எங்களால் எந்த வரிசையும் போட முடியவில்லை. ஒரு நோட்டில் 'ஒரு உழக்கு மல்லி, ரெண்டு கை வத்தல், ஒரு பிடி பருப்பு, வெந்தயம் கொஞ்சம்' என்று இருந்தது. இன்னொன்றில் 'அரைக்கிலோ மல்லி, கால் கிலோ வத்தல், மிளகு அஞ்சு ரூபாய்க்கு' என்று இருந்தது. உழக்கையும் கையையும் எப்படி ஒப்பிடுவது? கிலோவையும் ரூபாயையும் எப்படி விகிதமாக எழுதுவது?

'விகிதத்தில் ஒப்பிடும் இரு அளவுகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும்' என்று புத்தகத்தில் இருக்கும் வரியை ஒவ்வோர் ஆண்டும் வாசித்துவிட்டுப் போவேன். இந்த முறை அதை நான் சொல்லவில்லை. "எல்லாத்தையும் ஒரே மாதிரி அளந்தாத்தான் டீச்சர் கணக்கு வரும்" என்று மாணவர்களே சொன்னார்கள். கூடவே உழக்கு, ஆழாக்கு பற்றிய பேச்சும் வந்தது. ஒரு படிக்கு நான்கு உழக்கு, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்பதைப் பாட்டியிடம் கேட்டறிந்து ஒரு மாணவி எழுதிக் காட்டினாள்.

ஒரு டம்ளர் என்பது எத்தனை கிராம்?

வீட்டிலிருந்து என் சமையலறை டிஜிட்டல் தராசைக் கொண்டுபோனேன். 200 மில்லி கொள்ளும் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பொருளையும் தலை தட்டி அளந்து நிறுத்தோம். எங்களுக்குக் கிடைத்த எடைகள் ஏறத்தாழ இவை:

மல்லி – 70 கிராம்
துவரம் பருப்பு – 170 கிராம்
கடலைப் பருப்பு – 170 கிராம்
மிளகு – 100 கிராம்
சீரகம் – 80 கிராம்
வெந்தயம் – 150 கிராம்

வத்தல் டம்ளருக்குள் அடங்கவில்லை. அதை எண்ணி நிறுத்தோம். எங்கள் ஊர் நீள வத்தல் காம்பு நீக்கியபின் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் இருந்தது.

ஒரே டம்ளர், ஒரே உயரம். பருப்பு மல்லியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை காட்டியது. மல்லி விதை உள்ளே பொள்ளலானது, உருண்டைகளுக்கு நடுவே காற்றும் இருக்கிறது என்பதை ஒரு விதையைப் பிளந்து பார்த்தார்கள். எடையில் மல்லிக்கும் துவரம் பருப்புக்கும் 4:1 என்றால், டம்ளர் கணக்கில் அது கிட்டத்தட்ட 10:1 ஆகிவிடுகிறது. 'நாலு டம்ளர் மல்லிக்கு ஒரு டம்ளர் பருப்பு' என்று யாராவது அரைத்தால் பருப்புப் பொடிதான் வரும். எடை விகிதம் வேறு, கொள்ளளவு விகிதம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை. மேல் வகுப்பில் அடர்த்தி நடத்தும் ஆசிரியர்களுக்கும் இந்த டம்ளர் உதவும்.

எங்கள் விகிதம்

கிலோ கணக்கில் எழுதி வந்த வீட்டுப் பட்டியல்களையும், பாக்கெட்டில் கண்ட வரிசையையும் சேர்த்துப் பார்த்து, வகுப்பு ஒரு விகிதத்தை முடிவு செய்தது. மிகக் குறைவாகச் சேரும் வெந்தயத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம்.

மல்லி – 20 பங்கு
வத்தல் – 10 பங்கு
துவரம் பருப்பு – 5 பங்கு
கடலைப் பருப்பு – 5 பங்கு
மிளகு – 2 பங்கு
சீரகம் – 2 பங்கு
வெந்தயம் – 1 பங்கு
மஞ்சள் – 1 பங்கு

மொத்தம் 46 பங்கு. ஒரு பங்கு 10 கிராம் என்றால் 460 கிராம். மல்லி 200, வத்தல் 100, பருப்புகள் தலா 50, மிளகும் சீரகமும் தலா 20, வெந்தயமும் மஞ்சளும் தலா 10 கிராம். இதோடு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதுதான் சரியான சாம்பார்ப் பொடி என்று நான் சொல்லவில்லை. ஒரு மாணவி, "எங்க வீட்டுல மல்லிக்குச் சரிபாதிக்கும் மேல வத்தல் போடுவாங்க டீச்சர்" என்றாள். இன்னொருவன் வீட்டில் பருப்பே சேர்ப்பதில்லை, குழம்புப் பொடியாகத்தான் அரைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விகிதம் உண்டு. அந்த வேறுபாட்டையும் விகிதமாகவே எழுதச் சொன்னேன்.

இதிலிருந்து வகுப்பில் செய்த கணக்குகள் சில:

1. 230 கிராம் பொடி வேண்டும் என்றால் மல்லி எவ்வளவு? (ஒரு பங்கு 5 கிராம், மல்லி 100 கிராம்.)

2. வீட்டில் வத்தல் 60 கிராம்தான் இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு பொடி அரைக்கலாம்? (ஒரு பங்கு 6 கிராம், மொத்தம் 276 கிராம்.) மணல் குறைந்தால் சிமெண்ட் எவ்வளவு என்று நான் ஆண்டுதோறும் கேட்டு விடை கிடைக்காத கேள்வியேதான் இது. இந்த முறை பத்துக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன.

3. காரம் குறைய வேண்டும் என்று வத்தலை 10 பங்கிலிருந்து 5 பங்காக்கினால், பொடியில் வத்தலின் பின்னம் சரிபாதியாகக் குறையுமா? (46-இல் 10 என்பது 41-இல் 5 ஆகிறது. பாதி என்று சட்டெனத் தோன்றும். ஆனால் மொத்தமும் குறைவதால் பாதியைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.) இதை ஏழாம், எட்டாம் வகுப்புக்குத் தரலாம்.

பொடி செய்யும் முறையும் காரணமும்

கணக்கோடு நின்றுவிடாமல் பொடியைச் செய்தே பார்த்தோம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஒரு வெள்ளிக்கிழமை மதிய உணவு முடிந்தபின், எங்கள் பள்ளிச் சத்துணவுச் சமையலர் அக்கா வறுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மாணவர்கள் அடுப்பின் அருகே போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அன்று ஆசிரியர் அவர்தான்.

சுத்தம் செய்தல்: மல்லியில் தூசியும் காம்பும் இருக்கும். முறத்தில் புடைத்தல், கல்லைக் கையால் பொறுக்குதல், சல்லடையில் சலித்தல் ஆகிய மூன்றையும் மாணவர்களே செய்தார்கள். அறிவியல் பாடத்தில் கலவைகளைப் பிரிக்கும் முறைகளாக வருபவை இவைதான். வத்தலைக் காம்பு கிள்ளும் வேலையை மட்டும் நானும் அக்காவும் பார்த்துக்கொண்டோம். அந்தக் கையைக் கண்ணில் வைத்துவிட்டால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

காயவைத்தல்: எல்லாவற்றையும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்தோம். ஈரம் இருந்தால் பொடி நைசாக வராது, சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். சரியாக உலராத வத்தலில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கக்கூடியது. கறுத்த, பூசணம் பூத்த வத்தலைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஒதுக்கிவிட வேண்டும்.

வறுத்தல்: எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். "பருப்பு சிவக்கிறதுக்குள்ள சீரகம் கரிஞ்சு போயிரும்ப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றார் அக்கா. பெரிய, கனமான பொருள் உள்ளே வரை சூடாக நேரம் எடுக்கும். சிறியது சட்டெனச் சூடாகும். ஆகவே முதலில் பருப்புகளை இளஞ்சிவப்பாகும் வரையும், அடுத்து மல்லியை வாசனை எழும் வரையும் சிறுதீயில் வறுத்தார். பிறகு மிளகு, சீரகம். வெந்தயத்தைத் தனியாக, மிகக் குறைந்த தீயில் நிறம் மாறத் தொடங்கும் வரை மட்டும். வெந்தயம் கருகினால் முழுப் பொடியும் கசக்கும். கறிவேப்பிலை மொறுமொறுப்பாகும் வரை. வத்தல் கடைசியில், அடுப்பை அணைத்தபின், சட்டியின் சூட்டிலேயே சில துளி எண்ணெயோடு ஒரு புரட்டு. வத்தலில் காரம் தரும் கேப்சைசின் சூட்டில் காற்றோடு கலந்து தும்மலையும் இருமலையும் உண்டாக்கும். அதனால்தான் அது கடைசியில். மஞ்சள் விரலி என்றால் தட்டி உடைத்துக் காயவைத்தால் போதும். மஞ்சள்தூள் என்றால் அரைத்தபின் கலந்துகொள்ளலாம்.

மல்லி வறுபட்டபோது வகுப்பறையில் இருந்தவர்களை, வாசனை வந்ததும் கை தூக்கச் சொல்லியிருந்தேன். வாசல் பக்கத்து வரிசையில் முதலில் கை உயர்ந்தது. சற்று நேரத்தில் அடுத்த வரிசை, கடைசியில் கடைசி வரிசை. விரவுதல் பாடத்துக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை.

அரைத்தல்: ஆறியபின் மில்லுக்குக் கொடுத்தோம். நமக்கு முன்னால் அங்கே என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பு அரைத்தது இயந்திரத்துக்குள் ஒட்டியிருந்து நம் பொடியோடு வந்துவிடும். குறைந்த அளவுக்கு வீட்டு மிக்ஸியே போதும். விட்டுவிட்டு அரைத்தால் பொடி அதிகம் சூடாகாது. வாசனையும் நிற்கும்.

ஆறவைத்தல்: மில்லிலிருந்து வரும் பொடி சுடச்சுட இருக்கும். அப்படியே பாட்டிலில் அடைத்தால், ஆவியாகும் ஈரம் மூடியில் நீர்த்துளியாகப் படிந்து பொடியிலேயே விழும். பொடி கட்டி தட்டும், பூசணம் வரும். ஆவியாதலும் குளிர்ந்து சுருங்குதலும் ஒரே பாட்டிலுக்குள் நடக்கின்றன. அகலமான தட்டிலோ சுத்தமான துணியிலோ பரப்பி, நன்றாக ஆறியபின் அடைக்க வேண்டும். செய்தித்தாளில் பரப்பக் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். காற்றுப்புகாத பாட்டில், ஈரமில்லாத கரண்டி, வெயில் படாத இடம், இவ்வளவும் இருந்தால் இரண்டு மூன்று மாதங்களுக்கு வாசனை குறையாது.

எடை எங்கே போனது?

460 கிராம் எடுத்துக்கொண்டு தொடங்கினோம். மில்லிலிருந்து வந்த பொடி 425 கிராம். "மில்லுக்காரர் எடுத்துக்கிட்டாரு டீச்சர்!" என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது வகுப்பு.

நல்லவேளை, வறுத்து ஆறியபின் மில்லுக்குக் கொடுக்கும் முன்பும் நிறுத்து எழுதி வைத்திருந்தோம். அது 438 கிராம். ஆக, 22 கிராம் வெயிலிலும் சட்டியிலும் ஈரமாகப் போயிருக்கிறது. மில்லில் குறைந்தது 13 கிராம். இயந்திரத்துக்குள் ஒட்டியதும் தூசியாகப் பறந்ததும் அதில் அடங்கும். ஒருவர்மீது பழி போடும் முன் இடையில் ஓர் அளவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அன்று வகுப்புக்குக் கிடைத்த பாடம். முந்தைய வாரம் விசாரிக்காமல் கண்டித்த எனக்கும் அது பொருந்தியது.

ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு ஈடான அளவு

இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமாகத் தோன்றியது இனிமேல்தான் வருகிறது. அந்த மாணவன் கேட்டான்: "டீச்சர், நாங்க கொஞ்சமா அரைக்கணும்னா? எங்க வீட்டுல தராசு இல்லையே?"

விகிதம் என்பதே இதற்காகத்தான். பங்கு மாறாது, ஒரு பங்கின் அளவைத்தான் மாற்றிக்கொள்கிறோம். ஒரு பங்கு 2 கிராம் என்று வைத்தோம். மொத்தம் 92 கிராம். ஒரு வேளைச் சாம்பாருக்கு 10 கிராம் என்றால் ஒன்பது முறைக்கு வரும். தராசு இல்லாத வீட்டுக்காக, நாங்கள் நிறுத்து வைத்திருந்த டம்ளர் எடைகளைக் கொண்டு கிராமைத் தேக்கரண்டியாக மாற்றினோம். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. 200 மில்லியில் 40 தேக்கரண்டி. துவரம் பருப்பு 170 கிராமை 40-ஆல் வகுத்தால் ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். 10 கிராமுக்கு ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டி. இப்படியே எல்லாவற்றுக்கும் குழுக்களாகக் கணக்கிட்டார்கள். கிடைத்தது இது:

மல்லி – 200 மில்லி டம்ளரில் அரை டம்ளருக்குச் சற்று அதிகம்
வத்தல் – 20
துவரம் பருப்பு – இரண்டரைத் தேக்கரண்டி
கடலைப் பருப்பு – இரண்டரைத் தேக்கரண்டி
மிளகு – ஒன்றரைத் தேக்கரண்டி
சீரகம் – இரண்டு தேக்கரண்டி
வெந்தயம் – அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் – முக்கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு

எல்லாம் தலை தட்டிய அளவு. அடுப்பில் பதினைந்து நிமிட வேலை, மிக்ஸியில் இரண்டு நிமிடம். மில்லுக்குப் போக வேண்டாம், மொத்தமாகச் சாமான் வாங்க வேண்டாம். இதற்கு என்ன செலவாகும், அதே எடைக்கு எத்தனை ஐந்து ரூபாய் பாக்கெட் வேண்டும் என்பதைக் கடையில் விலை கேட்டு எழுதி வரச் சொன்னேன். விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் எங்கள் கணக்கை இங்கே தரவில்லை. உங்கள் ஊர் விலையை உங்கள் மாணவர்களே கேட்டு வரட்டும். 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரே அலகுக்கு மாற்றி ஒப்பிட்டால் போதும்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவனின் நோட்டில் இப்படி இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அரைத்தோம். வெந்தயம் கொஞ்சம் கருகிவிட்டது. சாம்பார் லேசாகக் கசந்தது. அடுத்த தடவை தீயைக் குறைக்க வேண்டும்.' அதன் கீழே 92 கிராமுக்கான செலவுக் கணக்கு, அடித்தல் திருத்தலோடு இருந்தது. வகுப்பில் அதை வாசிக்கட்டுமா என்று முதலில் அவனிடம் கேட்டேன். தானே வாசிப்பதாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. "நீ அடுப்பைச் சிம்முல வைக்கலையா?" என்று ஒரு மாணவி அக்கறையோடு விசாரித்தாள். அவர்கள் வீட்டில் இப்போதும் சில வாரங்களில் பாக்கெட்தான். அதை அவன் மறைப்பதில்லை.

மற்ற பாடங்களுக்கும்

சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து, உலக வரைபடத்தில் இந்தச் சாமான்களின் பூர்வீகத்தைக் குறித்தோம். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. துவரை இந்தியாவில் முதலில் பயிரானது. மல்லி மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து பரவியது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் உலகின் பிற பகுதிகளுக்கு வந்தது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். 'மிளகாய்' என்ற சொல்லுக்குள்ளேயே மிளகு இருப்பதைக் காட்டியபோது பிள்ளைகள் வியந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயும், 2019-இல் பெற்ற ஈரோடு மஞ்சளும் அதே வரைபடத்தில் இடம்பெற்றன.

அறிவியலில் கலப்படச் சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் சிறிது மிளகாய்த்தூளைத் தூவினால், செயற்கைச் சாயம் கலந்திருந்தால் நிறம் கோடு கோடாக இறங்கும். செங்கல் தூளோ மணலோ இருந்தால் அடியில் தங்கி, விரலில் தேய்க்கும்போது நறநறக்கும். இது முதல்நிலைச் சோதனை மட்டுமே, முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உள்ளூர்க் கடையின் பெயரையோ பாக்கெட்டின் பெயரையோ வகுப்பில் விவாதப்பொருளாக்க வேண்டாம்.

செய்ய விரும்புவோருக்கு

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். 'அம்மாவிடம் கேட்டு வா' என்று சொல்லும் முன், கேட்பதற்கு அம்மா அருகில் இருக்கிறாரா என்று யோசியுங்கள். 'உங்கள் வீட்டில் பொடி எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கும். சாமான்களைப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 460 கிராமுக்கான செலவை ஓர் ஆசிரியர் ஏற்கலாம், அல்லது ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளலாம். வத்தலும் அடுப்பும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். செய்த பொடியை நாங்கள் சத்துணவில் சேர்க்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். 425 கிராமை 24 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் அன்றைய கடைசிக் கணக்கு.

இந்த ஆண்டு விகித இயலைத் தொடங்கும்போது சிமெண்டையும் மணலையும் நான் தொடவில்லை. முதல் நாளே மேசைமேல் இரண்டு பொருட்களை வைத்தேன். ஒன்று என் வீட்டு அஞ்சறைப் பெட்டி, இன்னொன்று ஐந்து ரூபாய் பாக்கெட். "இதில் எது உங்கள் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன.